தேதி யாருடையது? நார்த் வில்க்ஸ்பரோ பந்தயத் தடம் குறித்து ஒரு திறந்த மடல்

வின்ஸ்டன்-சேலம், வட கரோலினா
டிசம்பர் 2025

டேட்டோனா பீச்சில் இருக்கும் நாஸ்கார் நிர்வாகத்தினருக்கும், கான்கார்டில் இருக்கும் ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

இந்த மடலை முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதத் தொடங்கினேன். இரண்டாவது பத்திக்குள்ளேயே அது அலுவலக மின்னஞ்சல் போலப் பணிந்து குழைந்துவிட்டது. சண்டை போடுவதற்குத் தாய்மொழிதான் வசதி என்று தமிழுக்கு மாறிவிட்டேன். மொழிபெயர்க்க ஆள் வைத்துக்கொள்ளும் வசதி உங்களுக்கு உண்டு. தமிழர்களுக்கோ இந்தக் கதை புதிது, அவர்களும் கேட்கட்டும். அவர்களுக்காக ஒரு வரி: நாஸ்கார் என்பது அமெரிக்காவில் கார்ப் பந்தயத் தொடர் நடத்தும் அமைப்பு; ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் பந்தயத் தடங்களின் முதலாளி; நார்த் வில்க்ஸ்பரோ இந்த மாநிலத்தின் வில்க்ஸ் மாவட்டத்துச் சின்ன ஊர், அங்கே இருக்கும் தடத்தைப் பற்றித்தான் பேச்சு.

2026ஆம் ஆண்டுக்கான அட்டவணையில் ஜூலை 19, ஞாயிற்றுக்கிழமை என்று போட்டு, அதற்கு நேரே நார்த் வில்க்ஸ்பரோ என்று எழுதியிருக்கிறீர்கள். காட்சிப் பந்தயம் அல்ல; சாம்பியன் பட்டத்துக்குப் புள்ளி சேரும் பந்தயம். 450 சுற்று. கடைசியாக அந்த ஊரில் அப்படி ஒன்று நடந்தது 1996 செப்டம்பர் 29 அன்று. முப்பது ஆண்டு கழித்துத் திருப்பித் தருகிறீர்கள், நன்றி. ஆனால் இதைக் கொடுப்பவர் யார், எத்தனை நாளைக்கு, எதை நம்பி வாங்கிக்கொள்வது என்பதைக் கேட்காமல் கையை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

நான் இந்த மாநிலத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலையுதிர் காலத்தில் மலையைப் பார்க்க 421 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஒரு மணி நேரத்தில் வில்க்ஸ் மாவட்டம் வந்துவிடும். முதல் தடவை போனபோது சாலையோரம் பெரிய காலரி ஒன்று தெரிந்தது. சிவப்பும் வெள்ளையுமாக அடித்திருந்த சாயம் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஆள் அரவமே இல்லை. கூட வந்த நண்பர் அதைப் பழைய சிறைச்சாலை என்றார். நானும் நம்பினேன். சிறைச்சாலையில் யார் இவ்வளவு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். தெரிந்தும் 1996இல் செய்ததைச் செய்தீர்கள் என்பதால் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

வில்க்ஸ் மலைநாட்டில் சோளம் விளையும். மூட்டை மூட்டையாகச் சோளத்தை மலைப்பாதையில் இறக்கிக் கொண்டுபோய் விற்றால் வண்டிக்கூலிக்கே கட்டாது. அதே சோளத்தை ஊறல் போட்டுக் காய்ச்சினால் நாலைந்து குடத்தில் அடங்கிவிடும்; விலையும் பல மடங்கு. அரசாங்கம் அதற்கு வரி கேட்டது. தங்கள் நிலத்தில் விளைந்த சோளத்துக்குத் தாங்கள் எதற்கு வரி கட்ட வேண்டும் என்று இவர்கள் இரவில் காய்ச்சினார்கள். அப்புறம் இருப்பது கலால் அதிகாரிகளும் இவர்களும் ஆடிய ஆட்டம்தான். 1939, 1940 மாடல் ஃபோர்டு வி-8 கார்களை வாங்கி, எஞ்சினைக் கூராக்கி, சாராயத்தின் பாரத்தில் பின்பக்கம் தாழாமலிருக்கக் கெட்டியான ஸ்பிரிங் போட்டார்கள். சரக்கு ஏற்றினால் வண்டி சாதுவாக, சமமாக நிற்கும். சரக்கு இல்லாவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தே போலீஸ்காரருக்கு ஆளைத் தெரியும். இரவெல்லாம் ஓட்டியவர்கள், யார் வண்டி வேகம் என்று பகலில் மேய்ச்சல் நிலத்தில் வட்டமடித்துப் பார்த்துக்கொண்டார்கள். உங்கள் விளையாட்டுக்கு இங்கே கால் முளைத்தது அப்படித்தான்.

எனாக் ஸ்டேலி என்பவர் அந்த வட்டத்துக்கு வேலி போட்டு டிக்கெட் விற்க நினைத்தார். கூட்டாளிகளோடு சேர்ந்து 1,500 டாலர் போட்டு மண் தடம் வெட்டத் தொடங்கினார்கள் என்பது ஊரில் சொல்லும் கதை. நிலம் சரிவானது. சமன் செய்து முடிப்பதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. சரி, இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அதனால்தான் அங்கே காலரிக்கு முன்னால் தடம் இறக்கமாக ஓடுகிறது. எதிர்ப்பக்கம் ஏற்றமாக ஏறுகிறது. பணம் இல்லாததால் வந்த குறை அது. ஓட்டுநருக்கு அதுவே தீராத தலைவலி. இறக்கத்தில் வண்டி தானாக ஓடும் நேரத்தில் முதல் வளைவு வந்துவிடும். பிரேக்கை ஒரு மூச்சு தாமதமாக மிதித்தால் வண்டி மேலே வழுக்கும். உள்ளே வந்தவன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். எதிர்ப்பக்கம் ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை அவசரப்பட்டு மிதித்தால் பின்சக்கரம் சுழலும், டயர் தேயும். ஒரு சுற்று 0.625 மைல். நல்ல வண்டிக்கு இருபது வினாடிகூட ஆகாது. அந்த இருபது வினாடிக்குள் இத்தனையும்.

1947 மே 18 அன்று முதல் பந்தயம். அதை நடத்திக்கொடுத்தவர் உங்கள் நிறுவனர் பெரிய பில் பிரான்ஸ். மூவாயிரம் பேர் வந்தால் பெரிது என்று நினைத்த இடத்தில் பத்தாயிரம் பேர் வந்தார்களாம். ஃபாண்டி ஃபிளாக் ஜெயித்தார். கவனித்துக்கொள்ளுங்கள், நாஸ்கார் என்ற பெயரே அப்போது கிடையாது. டேட்டோனா பீச் ஓட்டலில் நீங்கள் கூடிப் பேசியது அந்த ஆண்டு டிசம்பரில்தான். உங்களைவிட மூத்த தடம் இது. 1949இல், ஷோரூமில் விற்கும் காரை அப்படியே ஓட்ட வேண்டும் என்ற விதியோடு நீங்கள் முதல் சாம்பியன் தொடரை நடத்தினீர்கள். மொத்தம் எட்டே பந்தயம். எட்டாவதும் கடைசியுமான பந்தயம், அக்டோபர் 16, நார்த் வில்க்ஸ்பரோவில். ஃபாண்டியின் அண்ணன் பாப் ஃபிளாக் ஜெயித்தார். ரெட் பைரனுக்குப் பட்டம். அதிலிருந்து 1996 வரை 93 பந்தயங்கள். தார் போட்டது 1957இல்.

ஜூனியர் ஜான்சனைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அதே மாவட்டத்துப் பிள்ளை. வெறுங்காலோடு கோவேறு கழுதை பூட்டி உழுதுகொண்டிருந்தவரை அண்ணன் வந்து கூப்பிட, அப்படியே போய் வண்டியில் ஏறி இரண்டாவதாக வந்தார் என்பது அவர் வாயாலேயே பலமுறை சொன்ன கதை. சாலையில் அவரைக் கலால் அதிகாரிகள் பிடித்ததே இல்லை. 1956இல் அப்பாவின் ஊறல் அண்டாவுக்கு நெருப்பு மூட்டப் போன இடத்தில், காலால் ஓடும்போது பிடித்தார்கள். ஒஹாயோவில் பதினோரு மாதச் சிறை. திரும்பி வந்தும் ஓட்டினார்; மொத்தம் 50 பந்தயங்கள் ஜெயித்தார். அணி முதலாளியாக ஆறு பட்டங்கள் வாங்கினார். 1986இல் ஜனாதிபதி ரேகன் மன்னிப்பு வழங்கினார். 1971இல் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடைசெய்யப்பட்டபோது, தன் வண்டிக்குப் பணம் கேட்டுப் புகையிலைக் கம்பெனிக்காரர்களிடம் போனவரும் இவர்தான். அவர்களிடம் ஒரு வண்டிக்கு வேண்டியதைவிட ஏராளமாகப் பணம் இருக்கிறது என்று கண்டு, உங்களிடம் அனுப்பிவைத்தார். வின்ஸ்டன் சிகரெட்டின் பெயரில் உங்கள் தொடருக்கு வின்ஸ்டன் கோப்பை என்று பெயர் வந்தது அப்படித்தான். நான் பார்த்த காலரியின் சிவப்பு வெள்ளைச் சாயம் அந்தச் சிகரெட் பெட்டியின் சாயம். அந்த மாவட்டத்து மனிதர் ஒருவர் உங்களை வாழவைத்திருக்கிறார் என்பதை நினைவுபடுத்துகிறேன், அவ்வளவுதான்.

ஓட்டுநர் ரிச்சர்ட் பெட்டி 15 முறை அங்கே ஜெயித்ததையும், டாரல் வால்ட்ரிப் 10 முறை ஜெயித்ததையும், 1989இல் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட்டும் ரிக்கி ரட்டும் ஒருவரை ஒருவர் இடித்துச் சுழன்று நிற்க, பின்னால் வந்த ஜெஃப் போடைன் சத்தமில்லாமல் கோப்பையை எடுத்துக்கொண்டு போனதையும் விவரிக்க ஆசைதான். விட்டுவிடுகிறேன்.

குறை இல்லாத தடம் என்றும் சொல்லமாட்டேன். ஸ்டேலி டிக்கெட் விலையை ஏற்ற மாட்டார். ஏற்றாததால் புதிதாகக் கட்டவும் மாட்டார். 1990களில் மற்ற தடங்களில் கண்ணாடி அறைகளும் மாடி இருக்கைகளும் எழுந்தபோது, இங்கே அதே பழைய காலரி. பரிசுப் பணத்திலும் கடைசி வரிசை. நாலாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர், ஓட்டல்கள் குறைவு, விமான நிலையம் தூரம். உங்கள் கணக்கப்பிள்ளைகளுக்கு அது உறுத்தியிருக்கும். ஆனால் தடம் மூடியது அந்தக் காரணத்தால் அல்ல. அதைத்தான் எல்லோரும் மழுப்புகிறார்கள்.

1995 மே மாதம் ஸ்டேலி இறந்தார். தடத்தில் பாதி ஸ்டேலி குடும்பத்துக்கு, பாதி அவர் கூட்டாளிகளான காம்ஸ் குடும்பத்துக்கு. காம்ஸ் குடும்பத்தின் பாதியை ஸ்பீட்வே மோட்டார்ஸ்போர்ட்ஸ் முதலாளி புரூட்டன் ஸ்மித் சுமார் 60 லட்சம் டாலருக்கு வாங்கினார். மறு பாதியை 1996 தொடக்கத்தில் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தின் முதலாளி பாப் பாரே 80 லட்சத்துக்கு வாங்கினார். இருவருக்கும் அந்த நிலம் வேண்டாம், காலரி வேண்டாம், ஊரும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு பந்தயத் தேதிகள் அந்தத் தடத்தின் பெயரில் இருந்தன. அவை வேண்டும். ஸ்மித் டெக்சாஸில் பிரம்மாண்டமாகத் தடம் கட்டிக்கொண்டிருந்தார். ஓட்டத் தேதி இல்லை. பாரேக்கு ஒரு தேதிதான் இருந்தது, இன்னொன்று தேவை. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். 1996 செப்டம்பரில் ஜெஃப் கார்டன் ஜெயித்து, கட்டம் போட்ட கொடி இறங்கியது. 1997 ஏப்ரலில் ஒரு தேதி டெக்சாஸில் ஓடியது. செப்டம்பரில் மற்றது நியூ ஹாம்ப்ஷயரில் ஓடியது. வில்க்ஸில் கதவைப் பூட்டினார்கள். பசுவை விலைக்கு வாங்கிக் கறந்துகொண்டு, தொழுவத்திலேயே பட்டினி போட்டுக் கொன்றதற்குச் சமம்.

சட்டப்படி அவர்கள் செய்ததில் தப்பே இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சலே. நான் பிறந்த ஊரில் தேரோட்டம் எந்த நாள் என்பது யாருடைய பட்டாவிலும் இல்லை. அறங்காவலர் மாறுவார், தேருக்கு வடம் கொடுப்பவர் மாறுவார், வழக்கு நீதிமன்றம்வரை போய் இரண்டு வருடம் தேர் நிலையிலேயே நிற்கவும் செய்யும். ஆனால் கோயிலை விலைக்கு வாங்கி, தேரோட்ட நாளை மட்டும் பெயர்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஐந்நூறு மைல் தள்ளி இன்னொரு ஊரில் இழுக்க முடியாது. உங்கள் விதிப்புத்தகத்தில் முடிந்தது. நீங்கள் தேதி ஒதுக்குவது ஆண்டுக்கு ஆண்டு. வாங்கியவர் கேட்டால் இடம் மாற்றித் தருவதும் நீங்கள். உங்கள் கையெழுத்து இல்லாமல் அந்தத் தேதி டெக்சாஸுக்குப் போயிருக்க முடியாது.

அந்தத் தேதிகள் பிறகு என்ன ஆயின என்று தேடிப் பார்த்தேன். ஒரு கடன் பத்திரம் கைமாறுவதைப் பின்தொடர்வது போல இருந்தது. 2007இல் பாரே தன் நியூ ஹாம்ப்ஷயர் தடத்தை ஸ்மித்துக்கே விற்றார். வில்க்ஸின் பாதியும் அதோடு போனது. நியூ ஹாம்ப்ஷயர் செப்டம்பர் தேதியை 2018இல் லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோனார்கள். டெக்சாஸ் தன் இரண்டு தேதிகளில் ஒன்றை 2021இல் இழந்தது. ஆறுதலுக்கு ஆல்-ஸ்டார் காட்சிப் பந்தயத்தைக் கொடுத்தீர்கள். அந்த ஆல்-ஸ்டாரை 2023இல் டெக்சாஸிடமிருந்து எடுத்து யாருக்குக் கொடுத்தீர்கள்? நார்த் வில்க்ஸ்பரோவுக்கு. இப்போது 2026இல் ஆல்-ஸ்டார் டெலவேர் மாநிலத்து டோவர் தடத்துக்கு. டோவரின் புள்ளிப் பந்தயம் போய்விட்டது; ஜூலையில் எங்கள் பக்கம் பச்சைக் கொடி ஆடுகிறது. பத்திரிகைகள் இதை நீதி என்று எழுதுகின்றன. 1971 முதல் 2020 வரை ஆண்டுக்கு இரண்டு பந்தயம் பார்த்த டோவர்காரன் அதை எப்படி எழுதுவான்? எனக்குச் சந்தோஷம்தான், மறைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டு அண்டாவில் கொதித்த சோறு என் இலையில் விழுந்த மாதிரி இருக்கிறது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். தடம் கிடந்த கோலத்தில் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். 2010, 2011இல் சிலர் திறந்து சின்னப் பந்தயங்கள் நடத்திப் பார்த்து மறுபடி மூடினார்கள். 2019 டிசம்பரில், ஓட்டுநர் எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு தார் விரிசல்களில் முளைத்த களையைப் பிடுங்கினார், கணினி விளையாட்டுக்காரர்கள் லேசர் கருவியால் தடத்தை அளந்து வைப்பதற்காக. நிஜத்தில் ஓடாவிட்டாலும் திரையிலாவது ஓடட்டும் என்ற நினைப்பு. 2020 மேயில், உலகம் வீட்டுக்குள் முடங்கியிருந்தபோது, அந்தத் திரைத் தடத்தில் டென்னி ஹாம்லின் ஜெயித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இல்லாத இடத்தில் பந்தயம் நடக்கிறது, இருக்கிற இடத்தில் புல் முளைக்கிறது என்று அன்று சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பலன் இருந்தது. 2021 நவம்பரில் மாநில அரசு, கொரோனா நிவாரணமாக வந்த மத்திய அரசுப் பணத்திலிருந்து 1.8 கோடி டாலரை இந்தத் தடத்தின் குடிநீர், கழிவுநீர் முதலிய வசதிகளுக்கு ஒதுக்கியது. ஸ்மித்தும் பாரேயும் சேர்ந்து தடத்துக்குக் கொடுத்த விலை சுமார் 1.4 கோடி. அது 1990களின் டாலர், ஒப்பிடுவது முறையல்லதான். ஆனாலும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. புரூட்டன் ஸ்மித் 2022 ஜூனில் இறந்தார். அவர் பூட்டிய கதவை மகன் மார்கஸ் ஸ்மித் ஆகஸ்டில் திறந்தார்.

ஆகஸ்ட் 31, புதன்கிழமை இரவு. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்களெல்லாம் காலரியில் இருந்தோம். உள்ளூர்த் தடங்களில் ஓடும் லேட் மாடல் வகை வண்டிகள். எர்ன்ஹார்ட் ஜூனியரும் ஓட்டினார், மூன்றாவதாக வந்தார். தார் 1981இல் போட்டது. பந்தயம் முடிந்து தடத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து தொட்டுப் பார்த்தேன். தாருக்குள் இருந்த சரளைக் கல் நாற்பது ஆண்டு வெயிலிலும் பனியிலும் வெளியே துருத்திக்கொண்டு, அரம் மாதிரி விரலைக் கீறியது. சட்டையிலும் தலைமுடியிலும் கறுப்புத் துகள், டயர் தேய்ந்து பறந்தது. வீட்டுக்கு வந்து குளித்தபோது தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியது. முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்த வயதானவர் பந்தயத்தைப் பார்க்கவே இல்லை. பெரும்பாலும் தரையைப் பார்த்துக்கொண்டு, கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பேச்சுக் கொடுக்கவில்லை.

அடுத்த மே மாதம் கைல் லார்சன் ஆல்-ஸ்டார் ஜெயித்தார். ஜெயித்த வண்டியை மைதானத்து நடுவே இருக்கும் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு லிஃப்ட் போட்டுத் தூக்கும் பழைய ஏற்பாட்டை மறுபடி உயிர்ப்பித்திருந்தார்கள். அந்தப் பந்தயங்களிலேயே தார் பெயர்ந்துவிட, 2024 தொடக்கத்தில் புதிதாகப் போட்டார்கள். வழவழப்பாக இருக்கிறது. அரத்துக்கு ஏங்குகிறேன். அதே 2024இல் காலரிக்கு அடியில் கான்கிரீட் விரிசலைச் சரிபார்க்கப் போனவர்கள், கீழே சுமார் 700 சதுர அடிக்கு நிலம் குடைந்து வெற்றிடமாக இருப்பதைக் கண்டார்கள். ஊறல் போட்ட ரகசிய அறையோ என்று செய்தி பறந்தது. நிரூபணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஊரில் யாரும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். நான் குடியிருக்கும் வின்ஸ்டன்-சேலத்தில் போமன் கிரே என்று ஒரு மைதானம் இருக்கிறது. கால்பந்துத் திடலைச் சுற்றிக் கால் மைல் தடம். 1949 முதல் கோடைச் சனிக்கிழமைகளில் பந்தயம். வண்டிகள் அசிங்கமாக இடித்துக்கொள்ளும், ஓட்டுநர்கள் இறங்கி அடித்துக்கொள்வார்கள், ஜனம் எழுந்து நின்று கைதட்டும். நார்த் வில்க்ஸ்பரோவின் கால் தூசிக்கு வராத தடம் என்று வில்க்ஸ்காரர்கள் சொல்வார்கள். ஆனால் அது ஒரு கோடைக்குக்கூடத் தன் ஊரைவிட்டு நகர்ந்ததில்லை. காரணம் ரொம்பச் சின்னது: மைதானம் நகராட்சியுடையது. பாதி வாங்கவும் முடியாது, மறுபாதி வாங்கவும் முடியாது. 2024இல் நீங்களே அதன் குத்தகையை எடுத்து, 2025 பிப்ரவரியில் பெரிய வண்டிகளை அங்கே ஓட்டினீர்கள். குத்தகைதான், சொத்து அல்ல. பிடிக்காவிட்டால் நீங்கள் போகலாம். மைதானம் இருக்கும், அடுத்த சனிக்கிழமை உள்ளூர்க்காரன் தன் ஓட்டை வண்டியோடு வருவான்.

வில்க்ஸுக்கு அந்த மாதிரி ஒரு காகிதம் வேண்டும். ஜூலைத் தேதி பத்தாண்டுக்காவது அந்த நிலத்தோடு கட்டப்பட்டது என்று இரு நிறுவனங்களும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குமேல் அதை எடுத்துப்போக நினைத்தால், தடத்தையும் நிலத்தையும் முதலில் வில்க்ஸ் மாவட்ட நிர்வாகத்துக்கு விலை கூறிவிட்டுத்தான் வேறு யாரிடமும் பேச வேண்டும். பூட்டிவைத்துப் புல் வளர்க்கும் உரிமை இனி உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று, ஜூலையில் ஒரு நாள் தேர் இழுத்துவிட்டு மீதி ஆண்டு நடையைச் சாத்தாதீர்கள். லேட் மாடல், மாடிஃபைடு, பதினாறு வயதுப் பையன் அப்பாவின் கொட்டகையில் கட்டிய வண்டி, எல்லாம் அங்கே ஓடட்டும். ஜான்சன் அப்படி வந்தவர்தான்.

மக்கள் வரிப்பணம் 1.8 கோடி அந்த மண்ணுக்குள் குழாயாகப் போயிருக்கிறது. அதற்கு ஈடாக நாங்கள் கேட்பது இரண்டு பக்கக் காகிதம். லோவ்ஸ் கடை 1921இல் இந்த ஊரில் தொடங்கி, வளர்ந்து, தலைமையகத்தை மூர்ஸ்வில்லுக்கு மாற்றிக்கொண்டது. ஹாலி ஃபார்ம்ஸ் கோழிக் கம்பெனி 1989இல் டைசன் கைக்குப் போனது. விட்டுப்போகிறவர்களை வழியனுப்பிப் பழகிய ஊர் இது. வாக்குறுதியை வாயால் கேட்டுத் தலையாட்டும் கட்டத்தை அது எப்போதோ தாண்டிவிட்டது.

ஜூலை 19 அன்று காலரியில் இருப்பேன். இறக்கம் முடிந்து முதல் வளைவு தொடங்கும் இடத்துக்கு நேரே.

பதில் எழுதுவதானால் ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், படித்துக்கொள்கிறேன். கையெழுத்து மட்டும் மையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வின்ஸ்டன்-சேலத்திலிருந்து
ஒரு டிக்கெட்காரன்